பதினாறு அங்குலம்

அநியாயம் நடந்தது குழல்வாய்மொழிக்கு. தென்காசி ரோட்டில் முப்பிடாதி அம்மன் டயர்ஸ் என்ற கடை வாசலில், சனிக்கிழமை காலை வெயிலில், நாலு பேர் பார்க்க நடந்தது. கேள்வி கேட்டவள் அவள். பதில் போனதோ அவளுடைய மாமாவுக்கு. ஒரு தடவை என்றால் வாய் தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். இது வந்து இறங்கியதிலிருந்து ஒவ்வொரு தடவையும். வேனை ஓட்டிக்கொண்டு வந்தவள் அவள். ஸ்டியரிங் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்தவள் அவள். சாவி அவள் விரலில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கதவு வழியாக முதலில் ஒரு செருப்பு, அப்புறம் ஒரு கால், அப்புறம் வாந்திக்கென்று சுருட்டிப் பிடித்திருந்த பிளாஸ்டிக் பை, கடைசியாக மிச்சமுள்ள ஆள் என்று தவணை தவணையாக இறங்கிய கோமதிநாயகம் மாமாவைப் பார்த்துத்தான் கடைக்கார அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டு, “வாங்க சார், வண்டி எப்படி இழுக்கு?” என்றார். மாமா அம்மாவின் தம்பி. நகைக்கடையில் கொலுசுப் பிரிவு. சைக்கிள்கூட விடத் தெரியாது. வண்டி எப்படி இழுக்கிறது என்று அவரைக் கேட்பதற்குப் பேசாமல் அந்தப் பிளாஸ்டிக் பையைக் கேட்டிருக்கலாம். ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதையில்லை என்று நினைக்கிற ஜாதி மாமா. “ஆங்… பரவால்ல, போவுது” என்றார். அதோடு முடிந்தது. அந்த ஒரு ‘போவுது’வில் அவர் வண்டிக்குச் சொந்தக்காரர், ஓட்டுநர், நிபுணர் எல்லாமாக ஆகிவிட்டார், வீட்டில் மொழி என்று கூப்பிடப்படுகிற குழல்வாய்மொழி வெறும் பாப்பா ஆகிவிட்டாள். “பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லும்மா, ஜாக்கி போடணும்.” இருபத்திரண்டு வயதுப் பாப்பா. சமூகவியல் முதுகலைப் பாப்பா. ‘வீட்டில் கடைசி வார்த்தை யாருடையது’ என்ற தலைப்பில் எதிரணியை அழவிட்டுக் கோப்பை வாங்கிய பாப்பா. அந்தப் பாப்பா ஜாக்கிக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றுகொண்டே கேட்டாள்: “அண்ணாச்சி, பதினாறு இஞ்ச் வீல் போட்டா படிக்கட்டு எவ்வளவு ஒசரும்?” அண்ணாச்சி அந்தக் கேள்வியைக் காதில் வாங்கி, தூசி தட்டி, மாமாவின் பக்கம் திரும்பிப் பதிலை அவர் கையில் கொடுத்தார்: “பதினாறு போட்டியள்னா சார், வண்டி யானை கணக்கா நிக்கும்லா.” யானை. அவள் கேட்டது உயரம். பதில் வந்தது விலங்கு. அதுவும் அடுத்த ஆளுக்கு.

நாலு டயரும் மொட்டை. பழனிக்குப் போய்வந்த மாதிரி மழமழவென்று. பழைய வேன், வாங்கும்போதே அப்படித்தான் வந்தது. இன்றைக்கு மாற்றியாக வேண்டும், ஏனென்றால் திங்கட்கிழமை அம்மா அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அப்பா போன பிறகு இத்தனை வருஷமும் அடுத்தவர் வேனில் ஆயாவாக, கதவோரத்து மடக்குப் பலகையில், மடியில் ஒரு எல்கேஜியும் தோளில் மூன்று சாப்பாட்டுப் பையுமாகப் போய்வந்த செண்பகவல்லி, திங்கட்கிழமையிலிருந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரப் போகிறாள். சொந்த வேன். இன்றைக்குத்தான் ஆயா வேலையில் கடைசி நாள், அதனால் கடைக்கு வர முடியவில்லை. ‘நீ போயிட்டு வாட்டி, தொணைக்கு மாமாவக் கூட்டிக்கோ’ என்று அனுப்பினாள். எதற்குத் துணை? டயர் கடிக்குமா? மொழி அப்போதே கேட்டிருக்க வேண்டும், ஆனால் அப்போது அவள் தலை முழுக்க எண்கள். நூற்று எண்பத்தைந்து, கோடு, எண்பது, அப்புறம் பதினான்கு. இதுதான் இப்போது போட்டிருக்கிற டயரின் விலாவில் எழுதியிருப்பது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். நடு எண், அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ரப்பரின் உயரம் என்று. கடைசி எண் உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இதை முதன்முதலில் படித்த அன்று ஹாஸ்டல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரே வரியில் மூன்று அளவுமுறை! ஒரு பந்தியில் சோற்றைப் படியிலும் சாம்பாரை லிட்டரிலும் அப்பளத்தைச் சதவீதத்திலும் பரிமாறினால் ஊர் சும்மா விடுமா? யாரிடம் மனுக் கொடுப்பது இதற்கு? அதிலும் அகலத்தை முதலில் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் இருக்கிறது உலக நடப்பு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தாலும் முதலில் கண் போவது அங்கேதானே. சரி. அது போகட்டும். மாமா கேட்பது பதினாறு அங்குல அலாய் வீல், அதன்மேல் இருநூற்றுப் பதினைந்து அகலத்தில் எழுபத்தைந்து பங்கு உயரமுள்ள டயர். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வண்டி இரண்டு விரற்கடை உயரும். படிக்கட்டும் உயரும். யுகேஜி பிள்ளைக்கு இரண்டு விரற்கடை என்பது ஒரு மலை. அதைவிட மோசம் ஸ்பீடாமீட்டர். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும், முள்ளுக்கு அது தெரியாது. முள் நாற்பது என்று காட்டும்போது வண்டி நாற்பத்தைந்தில் போகும். அம்மா நாற்பது என்று நம்பிக்கொண்டு நாற்பத்தைந்தில். அந்த இடத்தில் கணக்கு எப்போதும் நின்றுவிடும், பென்சில் முனை ஒடிந்த மாதிரி. அம்மா நாற்பது என்று நம்பிக்கொண்டு நாற்பத்தைந்தில், எதிரே செங்கல் லாரி, பின்னால் பிள்ளைகள், பைபாஸ் திருப்பம், உயரமான வண்டி, உயரமான வண்டி சாயும். அப்புறம் அவள் முதலிலிருந்து போடுவாள். நூற்று எண்பத்தைந்து, கோடு, எண்பது. எண்ணைச் சரியாகப் பிடித்துவிட்டால் லாரி வராது என்கிற மாதிரி.

டப் என்று எங்கோ காற்று விடும் சத்தம், உயிரே ஒரு அங்குலம் உயர்ந்து இறங்கியது. கம்ப்ரசர். வெறும் கம்ப்ரசர்தான். புது ரப்பர் வாடை தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. அழிப்பானைத் தின்ற ஒன்றாம் வகுப்பு ஞாபகம். அன்றைக்கும் அம்மாதான் வாயில் விரல் விட்டு எடுத்தாள். கடைச் சுவரில் அலாய் வீல்கள் ஆணியில் வரிசையாகத் தொங்கின, வெள்ளித் தட்டுகள் மாதிரி, ஒவ்வொன்றிலும் ஒரு கோணல் மொழி தெரிந்தாள். ஆண்பிள்ளை அலங்காரம், வேறென்ன! இளவட்டங்கள் பைக்கில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை எழுப்புகிறார்களே, அதன் நாலு சக்கர அவதாரம். இதில் மாமாவுக்கு எங்கிருந்து வந்தது இந்த மோகம்? கொலுசுக்கு மேல் எதையும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். வீட்டில் துவையலுக்கு உப்பு குறைந்தால்கூட ‘உடம்புக்கு நல்லதுதான்’ என்று சாப்பிடுகிறவர், முந்தாநாளிலிருந்து கிளிப்பிள்ளை மாதிரி ஒன்றையே சொல்லிக்கொண்டு வருகிறார். இப்போதும் சொன்னார். “பதினாறே போட்டுருவோம் மருமவளே. ராசியான நம்பர்.” “என்ன ராசி?” “பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னுதான வாழ்த்துதோம்? யாராவது பதினாலும் பெற்றுன்னு வாழ்த்திக் கேட்ருக்கியா?” அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். “சரியாச் சொன்னிய சார்!” மொழிக்கு இரத்தம் சுருசுருவென்று ஏறியது, மேடை, மைக், எதிரணி, நடுவர் எல்லாம் ரப்பர் வாடைக்குள்ளிருந்து எழுந்து வந்தன. “மாமா, செத்தவங்களுக்குக் காரியம் எத்தனாவது நாள் செய்யுதோம்? பதினாறாம் நாளு. அதுவும் பதினாறுதான்.” ஜாக்கி போட்டவர்கூட நிமிர்ந்து பார்த்தார். மாமா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, “வாயக் கழுவுட்டி! புது வண்டி முன்னால நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுத!” என்றார். அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னாலிருந்த முப்பிடாதி அம்மன் படத்தைப் பார்த்து உதடு அசைத்தார். அவள் சார்பில் மன்னிப்புக் கேட்டிருப்பார். அதையும் அவளிடம் கேட்காமல்! ஆனால் அவள் ஜெயித்துவிட்டாள். ஜெயித்தது தெரிந்தது. பதினாறாம் நாள். யார் வாயிலிருந்து வந்தது அது? லாரி மறுபடியும் திருப்பத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. நூற்று எண்பத்தைந்து, கோடு, எண்பது. மனசுக்குள் அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே போட்டுக்கொள்ளக் கொள்கை இடம் தரவில்லை.

அம்மா கூட வந்திருந்தால் இந்த நாடகமே இல்லை. அம்மா அவள் பக்கம். இந்த விஷயத்தில் மட்டுமில்லை, எல்லா விஷயத்திலும். முந்தாநாள் மாமா பதினாறு என்று ஆரம்பித்ததுமே ராத்திரி சாப்பாட்டில் மொழி தோசைகளை வைத்தே அம்மாவுக்கு விளக்கினாளே, இது பதினான்கு, இது பதினாறு, இது உயரம், இது ஆபத்து என்று. அம்மா பதினாறு அங்குலத் தோசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரிட்டி” என்றாள். அவ்வளவுதான், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எவ்வளவு நியாயமான மனுஷி! சொன்னால் புரிந்துகொள்வாள். போன தீபாவளிக்கு வாடாமல்லி நிறத்தில் ஜரிகை கொட்டிய பட்டுச் சேலை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவளை, இந்த வெயிலுக்குக் காட்டன்தான் உடம்புக்கு நல்லது, ஜரிகை எல்லாம் நம்மை விளம்பரப் பலகை ஆக்குகிற ஏற்பாடு என்று எடுத்துச் சொன்னபோதும் “சரிட்டி”தான். சாம்பல் நிறக் காட்டன் வாங்கினார்கள். இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, பத்திரமாக. லைசென்ஸ் எடுக்கப் போனபோதும் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். அம்மா முதல் தடவையே எட்டுப் போட்டுக் காட்டிவிட்டு இறங்கினாள், மொழி கம்பத்தில் இடித்தாள். இடித்துவிட்டு, கம்பம் விதிப்படி நடப்படவில்லை என்று ஆய்வாளரிடம் கால்மணி நேரம் வாதாடினாள். இரண்டாவது தடவைதான் கிடைத்தது. அன்றைக்கு அம்மா சிரித்தாளா? சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள், தும்மல் என்று மொழி நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால் அவ்வளவு நேரமா தும்முவார்கள்? சரி, அது இப்போது எதற்கு.

“சார், எதையாவது ஒண்ணச் சொல்லுங்க, வண்டி ஜாக்கில நிக்கி” என்றார் அண்ணாச்சி. மாமாவிடம்தான். மாமா நெற்றியைத் துடைத்தார். பிளாஸ்டிக் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “பதினாறுதான்” என்றார், கழுத்தில் கத்தி வைத்தாலும் இதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிற குரலில். இந்தப் பிடிவாதம் புதுசு. அடித்தால் விழாத எதிரணியைக் கேள்வியால்தான் விழத்தட்ட வேண்டும். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே போனால் ஆள் தானாக மூலைக்கு வருவார்.

“மாமா, ஒங்களுக்கு ஓட்டத் தெரியுமா?”

“தெரியாது.”

“இந்த வண்டியில இனிமே ஏறுவியளா?”

“எவன் ஏறுவான்! பொறட்டிக்கிட்டு வருது.”

“அப்போ ஒங்களுக்கு இல்ல. எனக்கும் வேண்டாம்னு சொல்லியாச்சு. பிள்ளைகளுக்கு ஏறதுக்குக் கஷ்டம், அவுங்களுக்கும் இல்ல. அண்ணாச்சிக்கு எத மாட்டுனாலும் வேலைதான், அவியளுக்கும் இல்ல. பொறவு யாருக்காவ மாமா பதினாறு பதினாறுன்னு உயிர விடுதிய?”

மாமா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி இப்போது கேரம் ஆட்டம் பார்க்கிற ஆள் மாதிரி குனிந்து நின்றிருந்தார். மாமா அம்மன் படத்தைப் பார்த்தார். அங்கேயும் உதவி இல்லை. “உங்கம்மைக்காவத்தான்ட்டி!” என்று வெடித்தார், கம்ப்ரசர் மாதிரியே. “உங்கம்மைக்கித்தான் அது வேணும். கல்யாண மண்டவத்து வாசல்ல ஒரு வேன்ல பாத்தாளாம். சுத்திச் சுத்தி வந்து பாத்தாளாம். எங்கிட்ட வந்து, ‘எய்யா கோமதி, நீயே ஆசப்பட்டுக் கேக்க மாதிரி கேட்டு வாங்கிக் குடுத்துரு, நான் சொன்னேன்னு சொல்லிராத’ன்னு கையப் புடிச்சிக்கிட்டா. நான் என்னத்தச் செய்ய?”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“உங்கிட்டயா?” மாமா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “உங்கிட்டச் சொன்னா நீ பட்டிமன்றம் வெப்ப. அவளுக்கு என்ன பேசத் தெரியும்? சரிட்டின்னுட்டுப் போயிருவா.”

சரிட்டி. வெயில் இருந்த இடத்திலேயே இருந்தது. ரப்பர் வாடை, தூரத்தில் ஒரு பஸ்ஸின் ஹாரன், ஜாக்கியில் ஒரு பக்கம் தூக்கி நின்ற வேன், எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் அந்தச் சொல் மட்டும் கழன்ற சக்கரம் மாதிரி உருண்டுகொண்டே போனது. காட்டன் சேலை, சரிட்டி. மாடியில் ரோஜாவுக்குப் பதில் கறிவேப்பிலை, சரிட்டி. டிவி தொடர் மூளையை மழுங்கடிக்கும், சரிட்டி. அத்தனையும் தீர்ப்பு என்று நினைத்தாளே, வாய்தா. அம்மா ஒவ்வொரு தடவையும் வாய்தா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறாள். கடைசியில் இந்த ஒன்றை மட்டும் விட மனசில்லாமல் வக்கீல் வைத்திருக்கிறாள். அதுவும் எப்பேர்ப்பட்ட வக்கீல், வாந்திப் பையோடு! அந்த வக்கீல் காலையிலிருந்து அவளிடம் அத்தனை அடியும் வாங்கிக்கொண்டு கட்சிக்காரியின் பெயரைச் சொல்லாமல் நின்றிருக்கிறார். கேட்டவளை விட்டுவிட்டுப் பக்கத்திலிருப்பவரிடம் பேசுகிறார் என்று அண்ணாச்சிமேல் எவ்வளவு கோபப்பட்டாள். அண்ணாச்சி செய்தது அநியாயம்தான், அதில் ஒரு எழுத்துக்கூடக் குறைக்க மாட்டாள். ஆனால் அம்மாவின் வேனுக்கு, அம்மா ஓட்டப்போகிற வேனுக்கு, தோசையை வைத்து விளக்கினாளே ஒழிய, உனக்கு எது வேண்டும் என்று ஒரு வார்த்தை? இல்லை. இருந்ததா? தேடினாள். தோசைக்குச் சட்னியா பொடியா என்று கேட்டாள். அது கேட்டாள். இன்னொன்றும் இருந்தது, அது இன்னும் கேவலம். பதினாறு ரிம்மிலேயே நூற்றுத் தொண்ணூற்றைந்து அகலம், அறுபத்தைந்து பங்கு உயரம் என்று வேன் டயர் ஒன்று வருகிறது. ரிம் பெரிசு, ரப்பர் கட்டை. மொத்த உயரம் ஏறக்குறைய இப்போது இருப்பதுதான். படிக்கட்டு ஏறாது. ஸ்பீடாமீட்டர் முள்ளும் பெரிதாகப் பொய் சொல்லாது. குழியில் விழுந்தால் கொஞ்சம் தூக்கிப் போடும், அவ்வளவுதான். இது அவளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எதிரணிக்கு உதவுகிற குறிப்பை எந்தப் பேச்சாளர் மேடையில் வாசிப்பார்?

“அண்ணாச்சி, பதினாறுல நூத்தித் தொண்ணூத்தஞ்சு அறுபத்தஞ்சு வச்சிருக்கியளா?” என்றாள். குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

அண்ணாச்சி பழக்கதோஷத்தில் மாமா பக்கம் திரும்பினார். மாமா, “என்னைய ஏன்யா பாக்க? ஓட்டிட்டு வந்தது அவ” என்றார். காலையிலிருந்து அவர் அண்ணாச்சியிடம் பேசிய முதல் உண்மை. அண்ணாச்சி அந்தத் திருப்பத்தில் கொஞ்சம் தடுமாறி, முழுசாகச் சுற்றி வந்து, மொழியின் முகத்தைப் பார்த்தார். “இருக்கு தாயி. பதினாலும் இருக்கு, உசரமானதும் இருக்கு, இதுவும் இருக்கு. நீங்களே சொல்லுங்க. எத மாட்ட?”

வந்துவிட்டது நியாயம். கேள்வி அவளுக்கு, முகம் பார்த்து, நீங்கள் போட்டு. இதற்காகத்தான் காலையிலிருந்து மனசுக்குள் இத்தனை மனு எழுதினாள். இப்போது கையில் வந்து நின்றதும், வேறொருவர் பெயருக்கு வந்த பார்சலை வாங்கிவிட்ட மாதிரி இருந்தது. “ஒரு நிமிசம் அண்ணாச்சி” என்று போனை எடுத்தாள்.

மறுமுனையில் பள்ளிக்கூட வேன் இரைந்தது, பிள்ளைகள் அதைவிட. “ஏட்டி, மாட்டியாச்சா?” என்றாள் அம்மா.

“இன்னும் இல்லம்மா. ஒனக்கு எது வேணும்?”

“மாமா என்ன சொல்லுதான்?”

“மாமாவ விடு. நீ சொல்லு.”

“நீ என்ன நெனைக்க?”

நாக்கு நுனியில் இருந்தது எல்லாம். விரற்கடை, முள், லாரி, திருப்பம். “நான் ஒண்ணும் நெனைக்கல” என்றாள்.

“என்னட்டி, காய்ச்சலா?”

“இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்.”

“வாதாடுவ.”

“மாட்டேன்.”

“இப்ப மாட்டேம்ப. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பிப்ப.”

“வீட்டுலயும் மாட்டேன்.”

‘ஆயாம்மா, இவன் கிள்ளுதான்’ என்று ஒரு குரல். ‘கிள்ளாதல’ என்று அம்மா. யாரோ மூக்குச் சிந்தும் சத்தம். வேன் ஒரு மேடு ஏறி இறங்கும் சத்தம். மொழி காதோடு போனை அழுத்திக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். மாமாவும் அண்ணாச்சியும் ஜாக்கிக்காரரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பதினாறு” என்றாள் அம்மா. “வெள்ளித் தட்டு கணக்கா மின்னுதுல்லா, அது. எதுக்குன்னு மட்டும் கேட்றாத மொழி, எங்கிட்டப் பதில் கெடையாது. ஆசையா இருக்கு. அவ்வளவுதான்.”